ஒரு கோடியும் பதினோரு பிரியாணியும்

செஞ்சிக் கடைத்தெருவில் கோட்டைவாசல் நிதி நிறுவனம் கவிழ்ந்தபோது, அதில் பணம் போட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைக் காப்பாற்ற அரசாங்கம் ஒரு கோடி ரூபாய் மீட்பு நிதி கொடுத்தது. பாத்திரக்கடைக்காரனான நானும் அந்தக் கணக்கில் ஒருத்தன். சந்தோஷத்தில் குதித்தோம். புத்தி இருந்திருந்தால் பயந்திருப்போம்.

மறுநாளே சிங்கவரம் மணிமொழி வந்துவிட்டாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையில் போர்வெல் போட வைத்திருந்த இரண்டு லட்சத்தை இங்கே போட்டிருந்தாள்.

"பணத்தக் குடுங்க சார். செடி காயுது."

மேனேஜர் பாலமுரளி பதறிப்போனார். "வரிப்பணம்மா! ஒரு பைசா வீணாகலன்னு சட்டமன்றக் கண்காணிப்புக் குழு வந்து பாக்கணும். அதுக்குள்ள உங்களுக்குக் குடுத்துட்டா, அவங்களுக்கு எதைக் காட்டறது?"

நியாயம்தானே!

குழு வந்தது. ஏழு உறுப்பினர்கள், பதினான்கு கார்கள். பந்தல், பேனர், மேளம், பொன்னாடை, எல்லாம் மீட்பு நிதியிலிருந்தே. பணம் போட்ட எங்களுக்கும் மட்டன் பிரியாணி. கையெழுத்துப் போட்டால் டோக்கன். நெருக்கடியை உயரத்திலிருந்து ஆராய வேண்டுமென்று குழுத்தலைவர் ராஜாங்கம் ராஜகிரிக் கோட்டை ஏறப் போனார். நாற்பதாவது படியிலேயே ஆராய்ந்து முடித்துவிட்டார்.

பிறகு பணத்தை எண்ணினார்கள். ஒன்பது லட்சம் குறைந்தது.

"ஐயோ, பொதுப்பணம் கரையுதே!" என்று தலைவர் அலறினார். "கண்காணிப்பைத் தீவிரப்படுத்துங்கள்!"

அடுத்த வாரமே மறுபடி வந்தார்கள். மறுபடி பந்தல், மேளம், பிரியாணி. மறுபடி ஒன்பது லட்சம் குறைவு.

மணிமொழி தலைவரிடம் நேராகவே கேட்டாள். "நீங்க பாக்க வரலன்னா குறையாதே சார்?"

"நாங்க வந்து பாக்காம, குறையலன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்? முதல்ல சாப்பிடு."

பாவம், பசியோடு பஸ் ஏறி வந்தவள். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டாள். நானும்தான். இப்படிப் பதினோரு வாரம் வந்தார்கள். மிச்சமிருந்த ஒரு லட்சத்தில் கெட்டி அட்டை போட்டு அறிக்கை அச்சடித்தார்கள்.

தலைவரே மைக் பிடித்து வாசித்தார். "மீட்பு நிதி முழுவதும் உரியவர்களையே சென்றடைந்தது என்பதைக் குழு மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறது. ஆதாரம், மூவாயிரத்து நானூற்று முப்பத்திரண்டு கையெழுத்துகள்!"

"இன்னா சார் இது? என் ரெண்டு லட்சம் எங்க?" மணிமொழி மேடையருகே ஓடினாள்.

தலைவர் பக்கம் புரட்டினார். "மணிமொழி, சிங்கவரம். பிரியாணி பதினொன்று. பார்சல் நான்கு. நல்லாத்தானேம்மா இருந்துச்சு?"

"கொல்லை பூரா கருகிப்போச்சு! பிரியாணிக் கணக்கா சொல்ற?"

கூட்டம் கொதித்தது. நாற்காலிகள் பறந்தன. எனக்கும் ரத்தம் சூடாகிவிட்டது, சும்மா சொல்லக்கூடாது. பாலமுரளி மைக்கைப் பிடுங்கினார்.

"அமைதி, அமைதி! இந்தக் குழுவை விசாரிக்க இன்னொரு குழு வருது! செலவுக்கு இன்னொரு கோடி வந்தாச்சு! வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் தவறாம வரணும்!"

கூட்டம் சட்டென்று அடங்கியது. ஒரு குரல் மட்டும் கேட்டது: "அன்னிக்கும் மட்டன்தானே?"

குரல் என்னுடையதுதான். பாழும் வாய், தானாகக் கேட்டுவிட்டது. மணிமொழி என்னை முறைத்த முறையில் செத்தேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"கையெழுத்து எங்க சார் போடணும்?"

அவளுக்குப் பின்னால் முந்நூற்றுப் பதினோரு பேரும் வரிசையில் நின்றோம்.