சோபாவும் ‘ஆளில்லை’ இசைக்குழுவும்

மலேசியாவில் மூவாரிலிருந்து ஜொகூர் பாரு வரைக்கும் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, இவர்களில் நம்பிக்கையே இல்லாத மனிதன் யார் என்று போட்டி வைத்தால், ஒருவன் மட்டும் வரிசைக்கே வர மாட்டான். “எப்படியும் ஜெயிக்க மாட்டேன், எதுக்கு அவ்ளோ தூரம்?” என்று வீட்டிலேயே உட்கார்ந்திருப்பான். பரிசை அவனுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவன் சோபா.

மூவாரில் ஒரு சோபா தொழிற்சாலையில் பஞ்சு அடைத்துத் துணி இழுத்து ஆணி அடிக்கிற வேலை அவனுக்கு. பெயர் அப்படி வந்தது. ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் சோபாவில் உட்கார மாட்டான். பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி உட்காருவான். “உள்ள என்ன வச்சிருக்கோம்னு எனக்குத்தானே தெரியும்” என்பான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், “இன்னும் ஒண்ணும் ஆகல” என்று பதில் வரும். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் முழுவதும் படித்துவிட்டு, “ம்ம், முயற்சி பண்ணட்டும்” என்று மடித்து வைப்பான்.

இப்படிப்பட்ட ஆள் ராக் இசைக்குழு ஒன்று ஆரம்பித்தான் என்றால் நம்ப முடிகிறதா? எனக்கு இன்னும் முடியவில்லை. அதில் கித்தார் வாசித்தது நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, நாசரின் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நாசர் எங்கள் பள்ளித் தோழன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த அவன் தாத்தா தொடங்கிய கடை. கல்லில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டா போடுவது நாசர். நான் ஒரு மரக் கம்பெனியில் கணக்கு எழுதுகிற கிராணி. என்னிடம் ஒரு கித்தாரும், அதில் வாசிக்கத் தெரிந்த நான்கு கோர்டுகளும் இருந்தன.

“டேய், பேண்ட் ஒண்ணு ஆரம்பிக்கலாம்” என்றான் சோபா.

“உருப்படுமா?” என்று கேட்டேன்.

“கண்டிப்பா உருப்படாது.”

நாசர் மாவைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினான். “அப்புறம் எதுக்கு லா?”

“நம்ம மூணு பேரும் எப்படியும் உருப்படப் போறதில்ல. இவ்ளோ நாளா சத்தமில்லாம உருப்படாம இருந்தோம். இனிமே சத்தமா உருப்படாம இருப்போம்.”

  அன்றே குழு உருவாகிவிட்டது. நாசருக்கு டிரம்ஸ். “பதினஞ்சு வருஷமா மாவ அடிக்கிறான், தாளம் தப்பினதில்ல” என்பது சோபாவின் கணக்கு. பாட்டு எழுதுவதும் பாடுவதும் சோபா. சினிமாப் பாட்டு கிடையாது. “அவங்க பாட்ட நம்ம ஏன் கெடுக்கணும்? நம்ம பாட்ட நம்மளே கெடுத்துக்குவோம்.”

பாஸ் கித்தாருக்கு ஆள் வேண்டியிருந்தது. நாசர் கடையில் கை கழுவும் தொட்டிக்கு மேலே சோபா தன் கையால் எழுதி ஒரு தாளை ஒட்டினான். ‘பாஸ் கித்தார் தெரிந்தவர் தேவை. தெரியாவிட்டாலும் பரவாயில்லை, யாரும் கவனிக்கப் போவதில்லை.’

மூன்றாம் நாள், மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்யும் தேவி என்கிற தாதி சாப்பிட வந்தாள். கை கழுவிவிட்டு ஈரக் கையோடு எங்கள் மேசைக்கு வந்தாள்.

“இத எழுதினது யாரு?”

குற்றத்தை ஒப்புக்கொள்கிறவனைப்போல சோபா கையைத் தூக்கினான்.

“பொய் சொல்லாத நோட்டீஸ இப்பத்தான் பார்க்குறேன். எனக்கு பாஸ் நல்லா வாசிக்கத் தெரியும்.”

சோபாவின் முகம் வாடிவிட்டது. “தெரியுமா? பரவால்லங்க. எங்களோட சேர்ந்தா போகப் போகச் சரியாயிடும்.”

குழுவுக்குப் பெயர் என்ன என்று தேவி கேட்டாள். “ஆளில்லை” என்றான். எதற்கு ஆளில்லை என்றாள். “கேக்குறதுக்கு.”

சனிக்கிழமைப் பிற்பகல்களில் தொழிற்சாலையின் பழைய கிடங்கில் பயிற்சி. முதலாளி யோசிக்காமல் சம்மதித்தார். அவருக்கு ஒரு காது கேட்காது. கிடங்கு முழுக்கக் கூரை வரை பஞ்சு மெத்தைகள். அந்தப் பஞ்சு எங்கள் பிழையான சுரங்களை மட்டும் பொறுக்கி விழுங்கியது என்று நினைக்கிறேன். உள்ளே நாங்கள் அற்புதமாக வாசித்தோம். சோபாவின் குரல் இறப்புச் செய்தி வாசிக்கிற குரல்தான். ஆனால் அந்தக் கிடங்கில் அது, இறந்தவரே வந்து வாசிப்பதுபோல உருக்கமாக இருந்தது. எட்டு மாதம் எங்களை நாங்களே பெரிய இசைக் கலைஞர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தோம். நம்பாதவன் ஒருவன்தான்.

முதல் மேடை, ஒரு குடியிருப்புச் சங்கத்தின் தீபாவளி விருந்து. முந்நூறு பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.  அறிவிப்பாளர் உற்சாகமாக ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“அடுத்து, உங்கள் அனைவரையும் மகிழ்விக்க மேடைக்கு வருவது...” தாளைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். “ஆளில்லை” என்றார்.

முந்நூறு பேரும் எழுந்து சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார்கள்.

நாங்கள் நாற்காலிகளுக்குப் பாடினோம். பஞ்சு இல்லாத மண்டபத்தில் எங்கள் இசை எப்படி இருக்கும் என்பது எங்களுக்கும் அன்றுதான் தெரிந்தது. தேவி ஒருத்தி மட்டும் சரியாக வாசித்ததால் மற்றவர்களின் தப்பு இன்னும் தெளிவாகக் கேட்டது. இரண்டாம் பாட்டு ‘கதவு உள்ளேயிருந்து திறக்காது’. நடுவில் ஒரு பெரியம்மா பிரியாணித் தட்டோடு மேடை ஓரத்துக்கு வந்தார்.

“தம்பி, எல்லாம் அழுகையா இருக்கே. ஏதாச்சும் கல்யாணப் பாட்டு பாடுங்களேன்.”

“இது கல்யாணப் பாட்டுதாம்மா” என்றான் சோபா.

சாமான்களை வேனில் ஏற்றினோம். “எட்டு மாசம்டா” என்று நாசர் ஒரு தடவை சொன்னான். தேவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சோபா நிம்மதியாக இருந்தான். “நான் அப்பவே சொன்னேன்ல?” என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னான். ஆனால் அவனை வீட்டில் இறக்கிவிட்டபோது, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“மச்சான், ரெண்டாவது பாட்டுல, கடைசி வரிசையில ஒரு ஆளு தலைய ஆட்டின மாதிரி இருந்துச்சுல்ல?”

அந்த ஆளை நானும் பார்த்தேன். தூங்கி விழுந்துகொண்டிருந்தார்.

“ஆமா, ஆட்டினாரு” என்றேன்.

“ச்சே, பாவம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

அதன்பிறகு பாலோ என்ற ஊரில் ஒரு பிறந்தநாள் விழா. கேக் வெட்டியதும் மின்சாரம் போனது, வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள், அது எங்களுக்கு அல்ல. பெக்கோக்கில் ஒரு பள்ளி விளையாட்டு நாள், மழை. நாங்கள் தளர்ந்துகொண்டே வந்தோம். கலைத்துவிடலாமா என்று ஒரு நாள் நாசர் கேட்டான். “கலைக்கிறதுக்கு முதல்ல ஏதாச்சும் இருக்கணுமே” என்றான் சோபா. நாங்கள் தொடர்ந்தோம்.

அந்த ஆண்டுக் கடைசியில் மழை பிடித்தது. விடவே இல்லை. நான்காம் நாள் தண்ணீர் எங்கள் குடியிருப்புக்குள் வந்தது. அரிசி மூட்டை, தொலைக்காட்சி, சாமி படம் எல்லாவற்றையும் மேசை மேல் ஏற்றினேன், மேசை மிதந்தது. அம்மாவைத் தோளில் தாங்கிக்கொண்டு, பள்ளி மண்டபத்தில் இருந்த நிவாரண மையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கிடங்கும் முங்கிவிட்டது என்று அங்கே கேள்விப்பட்டேன். டிரம்ஸ், தேவியின் பாஸ், ஒலிபெருக்கி, என் கித்தார் எல்லாம் அங்கேதான் இருந்தன.

மறுநாள் காலை மீட்புப் படகில் சோபா வந்தான். கழுத்து வரை சேறு. தலைக்கு மேல் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. பதிவு மேசையில் இருந்த பெண் அடையாள அட்டை, ஐசி கேட்டாள். எடுத்துவரவில்லை. மாற்றுத் துணி? இல்லை. வீட்டிலிருந்து அவன் எதையுமே எடுக்கவில்லை. நேராகக் கிடங்குக்குப் போய், நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கியிருக்கிறான். பையை என்னிடம் நீட்டினான். என் கித்தார்.

“பைத்தியமாடா நீ? செத்திருப்ப!”

“மத்தது எல்லாம் போயிருச்சுடா. இருக்கிறதுலயே மோசமா வாசிக்கிற ஆளோடதுதான் கைக்குக் கிடைச்சுது” என்றான். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

மூன்றாம் நாளுக்குள் மண்டபத்தில் பேச்சே நின்றுவிட்டது. தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் குடும்பத்துக்கு ஒன்றாக உள்ளேயே போட்டிருந்த சின்னக் கூடாரங்களுக்கு வெளியே கால் நீட்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பிரமுகர் வந்து, எல்லாம் சரியாகிவிடும், சிரியுங்கள் என்று ஒலிவாங்கியில் பேசிப் படம் எடுத்துக்கொண்டு போனார். எங்களுக்கு அடுத்த கூடாரத்தில் ருக்கு அக்கா. பத்து வருடம் தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்து கட்டிய வீட்டுக்குப் போன மாதம்தான் குடிவந்தவர். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அங்கேயே பணியில் இருந்த தேவி கெஞ்சிப் பார்த்தாள், தலையைக்கூட அசைக்கவில்லை.

சோபா போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“வீடு போயிருச்சாக்கா?”

அவர் சுவரைப் பார்த்தபடியே, “பாதி.”

“மிச்சமும் போயிரும்” என்றான்.

 தேவி அவனை அடிக்கக் கையை ஓங்கிவிட்டாள். ருக்கு அக்கா அவனை உற்றுப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அழுகையாக மாறியது. மூன்று நாளாக வராத அழுகை. சோபா எழுந்திருக்கவும் இல்லை, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அழுது முடித்ததும் அவர், “பசிக்குதுடா பாவி” என்றார்.

அவர் சாப்பிடும்போது சோபா மெல்லப் பாட ஆரம்பித்தான். ‘கதவு உள்ளேயிருந்து திறக்காது, கத்தினாலும் வெளியே கேட்காது.’ நான் கித்தாரை எடுத்தேன். நாசர் குடும்பம்தான் மண்டபத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தது. அவன் காலி அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினான். தேவிக்கு பாஸ் இல்லை. ஒரு பாட்டியின் கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டே தன் பகுதியை வாயால் முனகினாள்.

அங்கே இருந்த எல்லார் வீட்டுக் கதவும் தண்ணீரில் ஊறி வீங்கித் திறக்க முடியாமல் கிடந்தது. முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு ஒருவர் கூடச் சேர்ந்து பாடினார். ஒரு மலாய்க்காரப் பெரியவர் நாசரிடம், “லாகு அபா நி?” என்று, இது என்ன பாட்டு என்று கேட்டார்.

“லாகு காவின், பாக்சிக்” என்றான் நாசர். கல்யாணப் பாட்டு.

பெரியவர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பலமாகத் தலையாட்டினார். அதே பாட்டை ஐந்து தடவை பாடச் சொன்னார்கள். கடைசியில் மண்டபம் முழுக்கக் கைதட்டியது. சோபா என் சட்டையைப் பிடித்து இழுத்தான். முகம் வெளிறியிருந்தது.

“டேய், கைதட்டுறாங்கடா. எங்கயோ ஏதோ தப்பு நடந்திருக்கு.”

இதற்குப் பிறகு நாங்கள் பெரிய ஆளாகிவிட்டோம் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ஆளில்லை குழுவின் கடைசி நிகழ்ச்சி அதுதான். தண்ணீர் வடிந்ததும் ஊறிய பஞ்சை லாரி லாரியாக அள்ளிப்போனார்கள். தேவி மாற்றலாகிப் போனாள். நாசர் பத்து பகாட் ஊரில் மாமனாரின் கடையைப் பார்த்துக்கொள்ளப் போனான். எனக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. தினமும் விடிவதற்கு முன்னால் ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தில் ஊர்ந்து போய், ஊர்ந்து திரும்புகிறேன். கித்தாரைத் தொட்டு நாளாகிவிட்டது. நாலு பேரும் ஒன்றாகச் சேர வேண்டும் என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். ஒருவருக்கு ஒழிந்தால் மற்றவருக்கு ஒழிவதில்லை. இனி நடக்காது என்று எல்லாருக்கும் தெரியும். சோபாவுக்கு முதலிலேயே தெரியும்.

அவன் மட்டும் மூவாரிலேயே இருக்கிறான். சனிக்கிழமை தோறும் மூன்று மணிக்கு அந்தக் கிடங்கைத் திறந்து உட்கார்ந்து எனக்குப் போன் செய்கிறான்.

“நீ வரமாட்டேன்னு தெரியும். சும்மா கேட்டு வச்சுக்கலாம்னு.”

“அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்டா.”

“வரமாட்ட” என்பான், கோபமே இல்லாமல். அப்புறமும் போனை வைக்க மாட்டான். நானும் வைக்க மாட்டேன். இந்த உலகத்தில் என்னை எதிர்பார்க்காமலே எனக்காகக் காத்திருக்கிற ஒரே ஆள் அவன்தான்.