மோட்டார் கரி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் பெட்ரோல் யுத்தத்துக்குப் போய்விட்டது. பச்சியப்பனின் பஸ் மட்டும் கம்பைநல்லூரிலேயே இருந்தது. ஆகையால் அதன் முதுகில் ஓர் உலையை மாட்டி, கரி போட்டு, அந்தப் புகையிலேயே மொரப்பூர் ரயிலுக்கு ஓட்டிவந்தார். தபால் பை மூன்று நாள் ரயிலைத் தவறவிட்டால் பெர்மிட் ரத்து. அதுவரை ஒரு நாளும் தவறியதில்லை.

கரி, சித்தேரி மலையிலிருந்து சின்னபொண்ணு கொண்டுவருவது. மூட்டை பன்னிரண்டணா. பாதி பஸ்ஸுக்கு, பாதி ஊர் அடுப்புகளுக்கு.

எரிபொருள் கண்ட்ரோல் இன்ஸ்பெக்டர் ராஜாமணி ஒருநாள் உலையைச் சுற்றிவந்தார்.

"பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ஒரே கிணற்றிலிருந்து வருகின்றன. பெட்ரோல் விலை ஏன் அதிகம்?"

"தெரியலீங்க."

"மோட்டாருக்குள் போகிறது. அதனால் வரி. வரியால் விலை. கரி மோட்டாருக்குள் போகிறதா, இல்லையா?"

"போகுதுங்க."

"ஆகவே அது மோட்டார் கரி. மூட்டை மூன்று ரூபாய்."

சின்னபொண்ணு கூடையை இறக்கினாள். "ஒரே மரங்க, ஒரே சூளைங்க. தான் மோட்டார் கரின்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?"

நியாயமான கேள்வி. இன்ஸ்பெக்டர் யோசித்து எழுதினார்: 'மேற்படி கரி தன் அந்தஸ்தை உணரும் பொருட்டு அதன்மீது சுண்ணாம்பு பூசப்பட வேண்டியது. மோட்டாரில் கறுப்புக் கரி இடுவது குற்றம்.'

வெள்ளைக் கரியில் பஸ் இருமியது; ஆனாலும் ஓடியது. வினை வேறு பக்கமிருந்து வந்தது.

"மூணு ரூவான்னா சும்மாவா?" என்றார் பெரிய வீட்டுக் காசியம்மாள். "வெள்ளக் கரியில வெச்ச சாறு மணமே தனிங்க."

பதினைந்தே நாளில் நாற்பத்தொரு வீட்டில் வெள்ளைக் கரி. கறுப்புக் கரி வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள். சின்னபொண்ணு எல்லா மூட்டைக்கும் சுண்ணாம்பு அடித்தாள். பூசுகூலி சேர்த்து மூட்டைக்கு நாலு ரூபாய் கேட்டாள். அதற்கும் அடிதடி. பஸ்ஸுக்கு மட்டும் கரி இல்லை.

ஒரு நாள் ரயில் தவறியது. மறுநாளும் தவறியது. மூன்றாம் நாளுக்கென்று பச்சியப்பன் ஒரு மூட்டையைத் தன் வீட்டில் ஒளித்துவைத்திருந்தார். காலையில் போய்ப் பார்த்தால் அரை மூட்டைதான் இருந்தது.

"என்ன பாக்கறீங்க? நம்ம வூடு மட்டும் கறுப்புல பொங்கணுமா?" என்றாள் அவர் மனைவி சென்னம்மாள்.

அரை மூட்டையோடு கிளம்பிய பஸ் மொரப்பூருக்கு இரண்டு மைல் முன்னால் மூச்சை நிறுத்தியது. காசியம்மாள் உட்படப் பதின்மூன்று பயணிகளும் இறங்கித் தள்ளினார்கள். "தள்ளறதுக்கும் டிக்கெட்டாய்யா?" என்று யாரோ திட்டினார். வண்டி ஸ்டேஷனை அடையவும் ரயில் வரவும் சரியாக இருந்தது. தபால் பை ஏறியது. பெர்மிட் பிழைத்தது.

பிளாட்பாரத்தில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார்.

"உலை குளிர்ந்திருக்கிறதே! எந்த எரிபொருளில் வந்தீர்?"

"எல்லாரும் தள்ளிக்கிட்டு வந்தாங்க."

"தள்ளியவர்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள்?"

பச்சியப்பன் அங்கே வாயை மூடியிருக்கலாம்.

"ராகிக் களிங்க."

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்து, புதுப் பக்கத்தில், 'மோட்டார் ராகி' என்று தலைப்பிட்டு அடிக்கோடு போட்டார். விலை எழுதும் இடத்தில் பேனா சற்று நின்றது.

காசியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏனுங்க, சாதா ராகிய விட அது ஒசத்திதானுங்களே? எனக்கு ரெண்டு வள்ளம் எழுதிக்கோங்க."

அவருக்குப் பின்னால் மற்றப் பன்னிரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். சென்னம்மாளை நினைத்துப் பார்த்துவிட்டு, பதினான்காவதாகப் பச்சியப்பனும் போய் நின்றார்.