தேலோஸ் தீவின் ராசா வுப்பர்டாலில் ஆடிய ஆட்டம்

வுப்பர்டால்
14.11.1996

என்றும் பாசம் மாறாத பேர்பெச்சுவா அக்காவுக்கு,

தம்பி கிறிஸ்ரியன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் இமெல்டாவும் நல்ல சுகம். மகள் சாண்ட்ராவும் சுகம்தான், ஆனால் ஒரு கிழமையாக என்னோடு கதைப்பதில்லை. மாமி நீங்கள் சொன்னால் கேட்பாள். நீங்கள் அவளுக்கு நாலு வரி எழுதவேண்டும்.

நடந்தது இதுதான். அவளுடைய பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து நடிக்கும் கிரேக்க நாடகம். மீசையும் வயிறும் உள்ள தகப்பன் ஒருவர் தேவை என்று ஆசிரியை என்னைப் பிடித்தார். வேடம், தேலோஸ் தீவின் அரசன் அனியோஸ். என்ன மனிதர் அக்கா! ராசாவும் அவரே, கோயில் பூசகரும் அவரே. எங்கள் பங்குச் சுவாமியும் விசா அலுவலகத்துப் பெரியவரும் ஒரே ஆளாக இருந்து, அந்த ஆள் நல்லவராகவும் இருந்தால் எப்படி? அப்படி ஒருவர். ட்ரோயா நகரம் எரிந்து சனம் கப்பலில் ஓடி வந்தபோது, இங்கத்தைய கந்தோர்கள் போல டெர்மின், அதுதான் நாளும் நேரமும், எடுத்துக்கொண்டு வா என்று சொல்லாமல் தானே எதிரே போய்க் கூட்டிவந்து சோறு போட்டாராம். அவருடைய மூன்று பெண் பிள்ளைகளும் தொட்டதெல்லாம் தானியமும் எண்ணெயும் திராட்சை ரசமுமாக மாறுமாம். "அப்பிடிப் பிள்ளையள் இருந்தா நானும் ஊரையே கூப்பிடுவன்" என்றாள் இமெல்டா. எனக்கு அந்த மனிதரைக் கும்பிடவேண்டும் போல் இருந்தது.

"அப்பா, சும்மா நடந்து வாங்கோ. ஆடாதேங்கோ, பிளீஸ்" என்று சாண்ட்ரா கெஞ்சினாள். ஓம் என்றேன். ஆனால் எங்கள் கூத்தில் எந்த ராசா சும்மா நடந்து வந்தார், நீங்களே சொல்லுங்கள்! ஒரு பொடியன் மேளத்தில் ஒரு அடி போட்டதும் கால் தானாக எழும்பிவிட்டது. வரவுப் பாட்டை எடுத்து, மேடையைச் சுற்றிச் சுற்றி ஆடினேன். ராசா உடுப்பென்று இமெல்டா ஊசி குத்திவிட்ட கட்டில் விரிப்பு அவிழ்ந்து ஒரு கையில் வந்தது, மற்றக் கையில் செங்கோல். முன்வரிசைக் கிழவர் ஒருவர், இது அசல் பழைய கிரேக்கம் என்று மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு அகதிகள் வந்தார்கள். முன்னுக்கு, ஒட்டுத்தாடியோடு எங்கள் சாண்ட்ரா. முழங்காலில் நின்று இரண்டு கையையும் ஏந்தினாள். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதியாக இறங்கிய அன்று நான் நின்ற நிலை கண்ணில் வந்தது. எனக்குத் தாங்க ஏலாமல் போய்விட்டது அக்கா. பாய்ந்து போய் அவளைத் தூக்கி நிறுத்தி, "எல்லாரும் உள்ளே வாருங்கள், இருங்கள், சாப்பிடுங்கள்!" என்று ஜெர்மனில் கத்தினேன். திரை விழுந்தது. சபை எழும்பி நின்று கைதட்டியது.

அன்றிலிருந்து பிள்ளை முகம் கொடுக்கவில்லை. கூத்தாடி அவள் மானத்தை வாங்கிவிட்டேன். அப்பா இனி மேடை ஏறமாட்டார் என்று நீங்களே அவளுக்கு உறுதி சொல்லி எழுதுங்கள்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் மடு மாதாவின் துணை என்றும் இருக்க மன்றாடும்,
தம்பி கிறிஸ்ரியன்

பி.கு.: அக்கா, அவளுக்கு ஒன்றும் எழுதவேண்டாம். உறையை ஒட்ட முதல் இமெல்டா இதை உரத்து வாசித்தாள். சாண்ட்ரா வாய் திறந்துவிட்டாள். "ஆட்டத்துக்கு ஆர் கோவிச்சது? அது நல்லாத்தான் இருந்தது. எனக்கு அந்த நாடகத்திலை ஒரேயொரு வசனம் அப்பா. 'எங்களுக்கு இருக்க இடம் தாங்கோ' எண்டு. மாசக்கணக்காப் பாடமாக்கினனான். நான் கேக்க முதலே நீங்கள் தந்திட்டியள்!" இப்போது குசினியில் அதைத் திரும்ப நடிக்கிறோம். நான் முகத்தை இறுக்கிக்கொண்டு அவள் சொல்வதை முழுவதும் கேட்கவேண்டுமாம். மூன்று தரம் பார்த்தாயிற்று. மூன்று தரமும் அவள் முடிக்க முதல் ஓம் சொல்லிவிட்டேன்.