நெடுஞ்சாலை வளைந்த வரலாறு

மனிதகுலம் இதுவரை போட்ட சாலைகளில் அமெரிக்காவின் தெற்கே எங்கள் நகரத்தைக் கடந்து மாநிலம் விட்டு மாநிலம் போகும் நெடுஞ்சாலையைப் போல் மரியாதை தெரிந்த சாலை வேறில்லை. யாரைக் கண்டால் ஒதுங்க வேண்டும், யார் மேல் ஏற வேண்டும் என்பது வரைபடத்தில் இருக்கும்போதே அதற்குத் தெரிந்திருந்தது.

வடக்கே கோல்ஃப் மைதானத்தைக் கண்டதும் பணிவாக இடப்பக்கம் ஒதுங்கியது. அடுத்து சீமாட்டிகள் சங்கத்தின் நாய்க் கல்லறைத் தோட்டம், வலப்பக்கம் வளைந்தது. வளைந்த களைப்போ என்னவோ, அதன்பின் கறுப்பர்கள் குடியிருந்த பீச்சம் தெருவின் மேல் நேராகப் படுத்துவிட்டது.

அந்தத் தெருவில் ஒடெஸ்ஸா பெட்வே தன் வீட்டு முன்னறையில் பெண்களுக்குக் கூந்தல் அலங்காரக் கடை நடத்தினாள். செத்துப்போன கணவன் தன் கையாலேயே கட்டிய வீடு. உயிர் இருக்கும்வரை அதை விடுவதில்லை என்றிருந்தாள்.

'மக்கள் கருத்துக் கேட்பு'க் கூட்டம் 1959 மே மாதம், முடிவெடுத்து ஆறு மாதம் கழித்து, முறைப்படி நடந்தது. தெருவின் முடிதிருத்துநர் லூஷியஸ் முதலில் எழுந்தார்.

"எங்க தெரு மேல ஏன் ஐயா வருது?"

"அது 'சீரழிந்த பகுதி'ப்பா. ஆய்வு பண்ணியிருக்கோம்" என்றார் தலைமைப் பொறியாளர் வாஃபர்ட்.

"எப்ப வந்து பாத்தீங்க?"

"பாக்கல. ஆய்வு பண்ணினோம்."

ஒடெஸ்ஸா சாலை ஆணையத்தின் விதிப் புத்தகத்தோடு எழுந்தாள்.

"ஐயா, விதி பதினேழு. வழியில நாய்க் கல்லறை இருந்தா சாலை ஒதுங்கணும், முடியாட்டி மாத்து இடம் குடுக்கணும்னு இருக்கே."

"ஆமா. சீமாட்டிங்க கேட்டாங்க, சேர்த்தோம்."

"எங்க கொல்லையில எங்க நாய் டியூக் படுத்திருக்கான். போன வருசம் புதைச்சேன். கல்லும் நட்டிருக்கேன்."

ஆணையம் அவசர அவசரமாகத் தனியறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

"அக்கா, ஜெயிச்சிட்டோம்போல இருக்கு" என்றார் லூஷியஸ்.

இரண்டு மணி நேரம் கழித்து வாஃபர்ட் ஈரக் கண்களுடன் வந்தார். "ஒரு நாயைத் தெருவுல விட இந்த ஆணையத்துக்கு மனசு வராது. சாலையை ஒதுக்க முடியல. அதனால டியூக்குக்குச் சீமாட்டிகள் தோட்டத்துல மனை எண் நாப்பத்தொண்ணு."

"எனக்கு?"

"உனக்கு முப்பது நாள்."

டியூக் அரசாங்க வண்டியில் போனான். முன்னால் இரண்டு மோட்டார் சைக்கிள். தோட்டத்து வாசலில் காவலாளி ஒடெஸ்ஸாவை மட்டும் நிறுத்தினான்.

"நீ வெளிய நில்லு. இது வெள்ளைக்காரங்க தோட்டம்."

"அவனும் கறுப்புதான்."

"அது நாய்" என்று பொறுமையாக விளக்கினான்.

முப்பதாம் நாள் இடிக்கும் எந்திரம் வந்தது. கூடவே படிவத்தோடு ஒரு எழுத்தரும் வந்தார். கணவன் கட்டிய சுவர் விழுவதைப் பார்க்கச் சகிக்காமல் ஒடெஸ்ஸா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"புது விலாசம் எழுதணும்மா. காலியா விட்டா கோப்பை மூட முடியாது. விதி."

விதியை மீறுகிறவள் இல்லை அவள். பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்தாள். எழுத்தர் உரக்கப் படித்தார்.

"ஒடெஸ்ஸா பெட்வே, மேற்பார்வை டியூக், மனை எண் 41... யாரும்மா இந்த டியூக்?"

"எங்க தெருவுல நூத்தியிருபது குடும்பம் ஐயா. அதுல நீங்க இடம் குடுத்தது அவன் ஒருத்தனுக்குத்தான்."