வைக்கோல்போர் ஜாடி விவகாரமும் என் மனைவி பஸ் ஏறியதும்

மதிப்புக்குரிய மச்சான் யாங் கி-தே அவர்களுக்கு, தங்கள் தங்கை ஒக்-புன்னின் கணவன் பியோ மன்-சிக், கைச்சேற்றைக் கழுவிவிட்டு உட்கார்ந்து பணிவுடன் எழுதுவது. இங்கே பார்லி அறுப்பு முடிந்தது, குயில் கத்துகிறது, மாடு நலம். அங்கே தாங்களும் குடும்பத்தாரும், முக்கியமாகச் செவ்வாய்க்கிழமை மூன்று மணி பஸ்ஸில் துணி மூட்டையோடு வந்து இறங்கியவளும் நலம்தானா என்று அறிய ஆவல்.

நான் அவளை அதிகாரியிடம் பிடித்துக் கொடுத்துவிட்டதாக ஒக்-புன் சொல்லியிருப்பாள். அது முழு உண்மை இல்லை மச்சான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு நியாயம் சொல்லி அவளைத் திருப்பி அனுப்பிவையுங்கள். அவள் இல்லாமல் இந்த வீடு வீடாக இல்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் வயலில் நடவு. ஊரே ஒருவர் வயலில் ஒருவர் இறங்கி நடுவது தங்களுக்குத் தெரியாததல்ல. பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். முற்பகல் சிற்றுண்டிக்குக் கள் இல்லையென்றால் ஒருத்தரும் முதுகை வளைக்க மாட்டார்கள். கடையில் விற்கிற கோதுமைக் கள்ளைக் குடித்தால் தலைவலிதான் மிச்சம். வீட்டில் கள் ஊறப்போடுவது குற்றம், சோற்றுக்கே அரிசி பற்றாத இந்தக் காலத்தில் அரிசியில் போட்டால் குற்றம் இரண்டு என்பது தெரிந்தும், ஒக்-புன் பத்து நாளுக்கு முன்பே ஒரு ஜாடி போட்டு வைக்கோல்போருக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அவள் கைக்கள்ளின் ருசியைத் தங்களிடம் சொல்லத் தேவையில்லை.

கள்ளுக் கெண்டியும் நூடுல்ஸும் வந்தன. வயல் தேவதைக்கு முதல் சொட்டைத் தெளித்துவிட்டு எல்லோரும் வரப்பில் உட்கார்ந்தோம். அப்போது சாலையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சைக்கிளில் போனார். நாம் குடிக்கும்போது வழியே போகிறவரைக் கூப்பிடாமல் விட்டால் ஊருக்கே கேவலம் அல்லவா மச்சான்? "ஏங்க! ஒரு கிண்ணம் குடிச்சிட்டுப் போங்க!" என்றேன். வேண்டாம் என்றார். முதல் தடவையே சரி என்று சொல்ல யாருக்குத்தான் வெட்கமிருக்காது? மூன்று தடவை மறுத்தார். நான் சேற்றுக்காலோடு ஓடிப்போய்ச் சைக்கிளையே பிடித்து இழுத்து வந்துவிட்டேன். ஒக்-புன் என் காலை ஓங்கி மிதித்தாள். இன்னும் ஊற்றச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன்.

நல்ல வளர்ப்பு, அதைச் சொல்லியே ஆகவேண்டும். முப்பத்தொரு வயதுதான், இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கி, பெரியவர்கள் எதிரே முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு குடித்தார். மூன்று கிண்ணம். "இந்த ருசி கடைக்கள்ளுல வராதே" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கடையா! எங்க வைக்கோல்போருக்குள்ள வந்து பாருங்க, பத்து நாளா ஊறுது!" என்றேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த வருத்தத்தோடு, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். வரி அலுவலகத்தில் கள் பிடிக்கிற அதிகாரியாம். பெயர் கூக்.

"யாருங்க இதைப் போட்டது?" என்று கேட்டார். மச்சான், அந்த இடத்தில் நான் ஆண்பிள்ளையாக நடந்துகொண்டேன், அதை மட்டும் தங்கள் தங்கை சொல்லியிருக்க மாட்டாள். "நான்தான்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எப்படிப் போட்டீங்க?"

"அரிசியைக் கஞ்சியாக் காய்ச்சி..."

"கஞ்சியா?" என்றாள் ஒக்-புன்.

"நல்லாக் குழையவிட்டு, புளிக்க வைக்கிற கோதுமைக் கட்டியை முழுசா உள்ள போட்டு..."

"முழுசாவா! யோவ், அரிசியை ஆவியில அவிக்கணும்! பருக்கை பருக்கையா நிக்கணும்! கட்டியை இடிச்சுத் தூளாக்கிக் கலந்து, ஜாடிக்குக் கம்பளி சுத்தி வைக்கணும்! கஞ்சியாம்ல கஞ்சி! மாட்டுக்கு வைக்கவா?" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்தித் தீர்த்தாள். கூக் கேட்டுக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் அவளுக்கு என்ன சொன்னோம் என்று உறைத்தது.

ஊர்த்தலைவர் பாங் தொண்டையைச் செருமினார். "தம்பி, நீங்க எத்தனை கிண்ணம் குடிச்சீங்க?"

"மூணு."

"அப்ப உங்க பேரையும் எழுதிக்குங்க. எழுதிட்டு இறங்குங்க. நடவுக் கள்ளைக் குடிச்சவன் நடாமப் போனதா இந்த ஊர்ல சரித்திரமே கிடையாது."

கூக் நோட்டைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு எழுதிய தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கால்சட்டையைச் சுருட்டினார். பொழுது சாயும்வரை நட்டார். என் வரிசையைவிட நேராக இருந்தது என்று பாங் நாலு பேர் கேட்கச் சொன்னார்.

அவர் சேற்றில் கால் வைத்ததுமே, ஆபத்து நீங்கியதே என்று சிரித்துக்கொண்டே நான் ஒக்-புன் பக்கம் திரும்பியிருந்தேன். அவள் கண்ணில் தண்ணீர். "பிடிச்சுக் குடுத்ததுகூடப் போகட்டும். பதினெட்டு வருஷமா குடிக்கிறியே, அது எப்படி வருதுன்னு ஒருநாளாவது எட்டிப் பார்த்தியா?" என்றாள். பிறகு சிற்றுண்டிக் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். நான் வரப்பிலேயே நின்றேன்.

அன்றிலிருந்து நான் சொட்டுக்கூடத் தொடவில்லை. கள் என்ற சொல்லே கசக்கிறது. நான் வேண்டுவது கள்ளை அல்ல, அவளை. அவள் வந்தால் போதும். வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு மிச்ச ஆயுளைக் கழித்துவிடுவேன் என்று சத்தியமாக எழுதுகிறேன். உடனே பஸ் ஏற்றிவிடுங்கள்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கங்கள், சிறியவர்களுக்கு ஆசிகள். தங்கள் வயலில் நாற்று நன்றாகப் பிடிக்கட்டும்.

இப்படிக்கு, மனம் திருந்திய
பியோ மன்-சிக்

பி.கு.: நான் கேட்கச் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல் ஒக்-புன்னிடம் ஒன்று கேட்டுச் சொல்ல வேண்டும். அவித்த அரிசியை ஆறவிட்டுக் கட்டித்தூளைக் கலப்பதா, சூடாகவே கலப்பதா? அதை மட்டும் அவள் அன்று கத்தவில்லை. ஆற வேண்டும் என்பது கூக் கட்சி. இன்று அவருக்கு விடுமுறை, காலையிலேயே வந்துவிட்டார். சூடு என்பது என் கட்சி. அரிசி இப்போது பாயில் ஆவி பறக்கக் கிடக்கிறது, இரண்டு பேரும் விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இந்தக் கடிதம் கொண்டுவரும் ஆளிடமே பதிலைச் சொல்லி அனுப்பிவிடுங்கள். ஒக்-புன் நாலு நாள் இருந்து, நிதானமாகவே வரட்டும்.