வந்த அணிக்குப் பிளேன் ரீ

பேஸ்போல் ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் தானே தலைவராக இருந்து, நடுவராகவும் தானே நின்று, தன் தீர்ப்பை எதிர்த்துத் தன்னோடே சண்டை பிடித்து, கடைசியில் தன்னையே மைதானத்தை விட்டு வெளியேற்றிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் அம்பயர் அண்ணை. வெளியேற்றப்பட்டவர் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றதை என் கண்ணால் கண்டேன்.

மொன்றியல் நகரில், நோத்ர-டாம்-த-கிரேஸில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்டில் அவர் பக்கத்து வீடு. தனிக்கட்டை. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. சொந்தப் பெயர் தபால்காரனுக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். தெப்பனோர் என்கிற மூலைக்கடையில் பாலுக்குத் திகதி முடிந்திருந்தால் கட்டைவிரலை உயர்த்தி "அவுட்!" என்பார். ஓடிவந்து பஸ்ஸைப் பிடித்த ஒரு பிரெஞ்சுக் கிழவியின் முன்னால் இரண்டு கையையும் விரித்து "சேஃப்!" என்று கத்தினார். நல்ல காலம், மனுசி "மெர்சி" சொல்லிவிட்டுப் போனாள்.

கனடாவுக்கு வந்த முதற் கோடையில் அவருக்குக் கிடைத்த வேலை, பேஸ்போல் மைதானத்தில் கதிரைகள் துடைப்பது. அந்த வருஷம் எங்கள் மொன்றியல் அணி எல்லாரையும் அடித்து நொறுக்கி முதலிடத்தில் நின்றது. துடைத்துத் துடைத்தே மனிதர் ஆட்டத்தைப் படித்துவிட்டார். திடீரென்று ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மிச்ச ஆட்டங்கள் கைவிடப்பட்டன, அவருக்கும் வேலை போனது. பத்து வருஷம் கழித்து அணியையே மூட்டை கட்டி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"வெல்லுற நேரத்தில நிப்பாட்டினா அது என்ன நியாயம் தம்பி?" என்று லிஃப்டில் என்னை மறித்துக் கேட்டார், ஏதோ நான்தான் நிப்பாட்டியதுபோல.

அணி போன மறுவருஷம் ஜூலை முதலாந் திகதி, ஊரே வீடு மாறும் நாளில், தெருவோரம் யாரோ விட்டுப்போன ஒரு பெட்டி அவர் கையில் அகப்பட்டது. உள்ளே அந்த வேலைநிறுத்த வருஷத்து ஆட்டக்காரர்கள், ஆளுக்கொரு அட்டை. கூடவே தாயக்கட்டைகள். கட்டையை உருட்டி, விழுந்த எண்ணை அட்டையில் பார்த்தால் அடித்தானா அவுட்டா என்று தெரிந்துவிடும். பாதியில் நின்ற அந்த வருஷத்தை முதல் ஆட்டத்திலிருந்து தானே ஆடி முடிப்பது என்று அண்ணை முடிவெடுத்தார்.

மேசையின் இரண்டு பக்கமும் கதிரை. மொன்றியல் அடிக்கும்போது ஒன்றில் இருப்பார். வெளியூரிலிருந்து வந்த அணி அடிக்கும்போது எழும்பிப்போய் மற்றதில் இருப்பார். பெயர்கள் வாயில் நுழையாததால் எல்லாருக்கும் பட்டம்: நெடுவல், சொட்டையர், முசுடன். கட்டைகளை அரிசி அளக்கும் சுண்டில் போட்டுத்தான் குலுக்குவார். கதிரைக்கொரு கோப்பை உண்டு. மொன்றியலுக்குப் பால்தேத்தண்ணி, வந்த அணிக்குப் பால் விடாத பிளேன் ரீ.

"ஏன் அண்ணை, ரெண்டையும் குடிக்கிறது நீங்கள்தானே?"

"வந்தவனுக்குப் பால் வாத்து வளக்கச் சொல்லுறீரோ?"

சுவர் வழியாக இந்தச் சண்டைகளைக் கேட்ட என் மனைவி சுகந்தி, அவர் வீட்டில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள் என்றே நம்பினாள். ஒருநாள் ஒரு தட்டு வடையோடு போய், "வந்திருக்கிறவைக்கும் குடுங்கோ அண்ணை" என்றாள். "குடுக்கிறன் பிள்ளை" என்று வாங்கினார். கொடுத்தார்தான். ஒரு கதிரையில் பாதி, மற்றக் கதிரையில் பாதி.

வேலைநிறுத்த நாள் வந்ததும் அவரும் ஆட்டத்தை நிறுத்தினார். முதலாளிமார் ஒரு கதிரையில், ஆட்டக்காரர் மறு கதிரையில். மாறி மாறி இருந்து பேச்சுவார்த்தை நடத்தினார். இலங்கையில் தூது போன நோர்வேக்காரன் வராமலே சமாதானம் வந்தது அந்த ஒரு மேசையில்தான்.

மொன்றியல் இறுதித் தொடர்வரை ஏறியது. தொடர் சமநிலை, கடைசி ஆட்டம் மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து லண்டனில் இருந்த அவருடைய அக்கா தவறிப்போனார். ஞாயிறு தவறாமல் அவருக்குப் போன் எடுத்த ஒரே சீவன்.

"செத்தவீட்டுத் துடக்கு. ஆட்டம் இல்லை" என்றார்.

கட்டிக்கொடுத்த அக்காவுக்குத் தம்பி இவ்வளவு நாள் துடக்குக் காப்பதில்லை என்று சுகந்தி முணுமுணுத்தாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்தது. பிறகு மழை என்றார். "அந்த மைதானத்துக்குக் கூரை இருக்கெல்லோ அண்ணை?" என்றேன். நெடுவலுக்குத் தோள் நோவு என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"எனக்கு என்னவோ செய்யுது. ஒருக்கால் போய்ப் பாருங்கோ" என்றாள் சுகந்தி.

போனேன். அட்டைகள் பரப்பியபடி இருந்தன. சுண்டில் தூசி.

"ஆடுங்கோவன் அண்ணை."

"ஆடலாம். ஆடி முடிஞ்சா?" கட்டையைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்தார். "அக்கான்ர போனும் இல்லை. இதும் முடிஞ்சா, வேலையால வந்து நான் என்ன செய்யிறது தம்பி?"

ஆறுதல் சொல்லத் தெரிந்த ஆள் இல்லை நான். வந்த அணியின் கதிரையில் போய் இருந்தேன்.

"இண்டைக்கு உங்கட மொன்றியலை நான் வெளுத்துக்கட்டுறன். பயமெண்டா இப்பவே சொல்லுங்கோ."

முறைத்தார். எழும்பிப்போய்த் தேத்தண்ணி போட்டுவந்தார். எனக்குப் பிளேன் ரீ.

எனக்கு ஆட்டத்தில் அரிச்சுவடியும் தெரியாது. ஆனால் கட்டை அதைப் பார்ப்பதில்லையே. கடைசிவரை இழுபட்டு, நெடுவல் அடித்தால் மொன்றியல் வெல்லும் என்ற கட்டத்துக்கு வந்தது. அண்ணை குலுக்கி உருட்டினார். ஒரு கட்டை சுண்டில் சாய்ந்து நின்றது. அவர் குனிந்து எண்ணைப் பார்த்து, அட்டையைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"சாய்ஞ்சு நிக்குது அண்ணை, செல்லாது. திருப்பி உருட்டுங்கோ" என்று நானே கெஞ்சினேன்.

"விழுந்தது விழுந்ததுதான்" என்றார். தன் அணிக்கு எதிராகவே கட்டைவிரலை உயர்த்தினார். "அவுட்!"

இத்தனை காலம் காத்திருந்த வெற்றியை நான் வந்து கெடுத்துவிட்டேனே என்றிருந்தது. அவர் அட்டைகளை அடுக்கினார். என் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். இனி அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கப்போகிறார் என்று பயந்தேன். கதவு திறந்தபடியே இருந்தது, கேத்தில் கொதிக்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்து கோப்பையை என் முன்னால் வைத்தார்.

"முதலாம் ஆட்டத்தில இருந்து திருப்பித் தொடங்குவம். நாளைக்கு வேலையால எத்தினை மணிக்கு வாறீர்?"

பால்தேத்தண்ணி. சீனியை அள்ளிப் போட்டிருந்தார். ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடித்தேன்.