சோடா பாட்டிலைப் பிடித்த பேய்

திருவொற்றியூர் முழுக்க ஒரே பேச்சு. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் நெடுஞ்சாலையோரம், பூட்டிக் கிடந்த குடோன் ஒன்றில் மூச்சுச் சித்தர் எழுந்தருளிவிட்டார்! கொரோனா வந்துபோன பின்னும் மூச்சு வாங்குகிறதா? அசதியா? மறதியா? அது நோயே அல்ல, ஆவி என்கிறார் சித்தர். கொரோனா வார்டில் செத்தவர்கள், தங்களைக் கவனித்துக்கொண்டவர்களின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்களாம். உட்கார வேறு இடமே கிடைக்கவில்லை போலும்!

கூட்டத்துக்குக் கேட்பானேன்? ஆம்புலன்ஸ் டிரைவர், வார்டு ஆயா, நர்சு என்று உயிரைக் காப்பாற்றியவர்களெல்லாம் காணிக்கைத் தட்டோடு வெயிலில் நின்றார்கள்.

அன்புக்கரசியும் நின்றாள். பக்கத்து மருத்துவமனை ஒன்றில் நர்சு. இரண்டாவது அலையில் நோயாளிகளோடு நோயாளியாக விழுந்தவள், இன்னும் முழுதாக எழவில்லை. நான்கு வருடமாகியும் ஒரு மாடி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மருந்தின் பெயர் நாக்கு நுனிவரை வந்து மறைந்துவிடும். தவறு நேர்ந்துவிடுமோ என்று ஒவ்வொரு சீட்டையும் மூன்று தரம் படிப்பாள். அதற்குக் கிடைத்த பட்டம், சோம்பேறி.

உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டபோது, "ரிப்போர்ட் எல்லாம் நார்மல். நடிக்காதே" என்றார் நர்சிங் சூப்பரின்டெண்ட் மதி. பெயரில் மட்டும் மதி. இன்று அன்புக்கரசியை இங்கே இழுத்து வந்ததும் அவர்தான்.

சித்தருக்கு முன்னால் கண்ணாடி டம்ளர்களில் தெளிந்த 'தீர்த்தம்'. பக்கத்தில் பட்டுத்துணி மூடிய பானை.

"ஊது தாயீ. உள்ள யார் கீறான்னு பார்க்கலாம்."

அன்புக்கரசி தீர்த்தத்தில் உறிஞ்சுகுழலை விட்டு ஊதினாள். இருமல் பிடுங்கியது. தீர்த்தம் பால்போல் வெளுத்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ஒரு ஆம்பள. உன் கையப் புடிச்சிகினே செத்தவன். போ மாட்டேன்றான். அஞ்சு வாரம் பூசை போடணும். அதுவரைக்கும் மாத்திரை தொடக்கூடாது."

"அஞ்சு வாரமும் லீவு நான் தர்றேன்மா" என்றார் மதி, பயபக்தியோடு.

அன்புக்கரசிக்கு வில்சன் நினைவு வந்தது. காசிமேட்டில் படகு வைத்திருந்தவர், கொரோனா வார்டில் அவள் கையைப் பிடித்தபடி இறந்தவர். மகளோடு பேச அவருக்குச் செல்போன் பிடித்தது அவள்தான். "நல்லா இரும்மா" என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை. அந்த மனிதரா நெஞ்சில் ஏறி உட்காருவார்?

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. நேற்றுச் சாப்பிட்டதை மறந்துவிடும் மூளைதான். ஆனால் பத்தாம் வகுப்பு டீச்சர் ஊதச் சொன்ன சுண்ணாம்புத் தண்ணீர் பளிச்சென்று வந்து நின்றது.

"சாமி, நீங்க ஒருதபா ஊதுங்க."

சித்தர் பின்வாங்கினார். "நான் ஊதப்படாது. விரதம்."

"சரி, வுடுங்க. குணசேகரண்ணே, எதிர்க்கடைல ஒரு சோடா வாங்கினு வாங்க."

வரிசையில் நின்ற ஆம்புலன்ஸ் டிரைவர் குணசேகரன் ஓடி வாங்கிவந்தார். யாரும் ஊதாத தீர்த்த டம்ளர் ஒன்றில் அன்புக்கரசி கொஞ்சம் சோடாவை ஊற்றினாள். தீர்த்தம் வெளுத்தது!

"சொல்லுங்க சாமி, இந்த பாட்டில் எந்த வார்டுல டூட்டி பார்த்துச்சு?"

குடோன் அதிரச் சிரிப்பு.

குணசேகரன் பட்டுத்துணியை உருவினார். பானையின் அடியில் மொத்தை மொத்தையாகச் சுண்ணாம்பு.

"தெளிய வெச்ச சுண்ணாம்புத் தண்ணி. நாம வுடுற மூச்சுல கீற கரியமில வாயு பட்டா வெளுக்கும். சோடாவுல கீறதும் அதான்" என்றாள். அதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்க நிறுத்த வேண்டியிருந்தது.

சித்தர் பின்வாசலைத் தேடினார். குடோனுக்கு ஒரே வாசல். அதில் நூறு பேர் நின்றார்கள். போலீஸ் வரும்வரை அவர்கள் நகரவில்லை.

அன்புக்கரசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மதி குனிந்து கேட்டார்: "பேய் இல்லைன்னா, உனக்கு என்னதான்மா?"

"நோய், மேடம். நாலு வருசமா அதத்தான சொல்லிகினு கீறேன்? பேய்னா அஞ்சு வாரம் லீவு. நோய்னா நடிப்பு. இன்னா நாயம் இது?"

மதி யோசித்துக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத வேலை, அவருக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது. பயப்படாதீர்கள், யோசித்து இதுவரை யாரும் செத்ததில்லை. யோசிக்காமல் செத்தவர்களைத்தான் எண்ணி முடியவில்லை.